துடைப்பதற்கு முன் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்

என்னுடையது 1960களில் வந்த கார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர், பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோ, துணி சுற்றிய ஒயர் எல்லாமே அந்தக் காலத்தவை. வாங்கிய புதிதில் போனட்டைத் திறந்தால் இன்ஜினில் எது இரும்பு, எது அலுமினியம் என்றே தெரியாது. கிரீஸும் தூசியும் சேர்ந்து அப்படி அப்பியிருக்கும். ஒரு நாள் ஹோஸ் பைப்பை எடுத்து அடித்துக் கழுவினேன். எல்லாம் பளிச்சென்று ஆனது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை.

செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் இறங்கியது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே முத்து முத்தாக நீர். துடைத்துக் காயவைத்து மாட்டியதும் ஓடியது, ஆனால் மிஸ்ஸிங் அடித்தது, அதாவது இன்ஜின் விட்டு விட்டு ஓடியது. பிளக் உட்கார்ந்திருக்கும் குழியிலும் தண்ணீர் தேங்கியிருந்தது.

இதையெல்லாம் விட எனக்கு வருத்தம் தந்தது வேறு. வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து என்று காட்டக்கூடிய தடத்தை நானே கழுவிவிட்டேன். காய்ந்த அழுக்கு மங்கலாக இருக்கும். புதிதாகக் கசியும் இடம் மட்டும் ஈரமாகக் கறுத்து மின்னும். ஆயில் கீழே வழியும், ஃபேன் காற்றில் பின்னால் பரவும். அதனால் ஈரத்தின் உச்சியைத் தேட வேண்டும். பெரும்பாலும் கசிவு அங்கேதான்.

இப்போது முதல் வேலை, டார்ச் அடித்துப் பார்த்து நாலு பக்கமும் போட்டோ எடுப்பது. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்ட் குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். அப்புறம் பேட்டரியில் எர்த் ஒயரை முதலில் கழற்றுவேன். பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதனால் எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்தே கழற்றுங்கள். கார்புரேட்டர் வாய், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுவேன்.

மற்றபடி மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், வேஸ்ட் துணி, பொறுமை. ஒரு நாளைக்கு ஒரு முழம் இடம் போதும். ரப்பர் ஹோஸில் மண்ணெண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். அங்கே சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணிதான். காரம் அதிகமான கிளீனர் அலுமினியத்தைக் கறுக்கச் செய்துவிடும், கார்புரேட்டர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் பழைய நார்ச்சுற்று இருந்தால் பிரஷ் போட்டுச் சுரண்டவே கூடாது. அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

இப்படித் துடைத்துக்கொண்டு வந்த ஒரு மாலை, பிளாக்கின் ஓரத்தில் கறுப்பு விலகி இளம்பச்சை பெயிண்ட் எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் இன்ஜின் நம்பர், ஒவ்வொரு எழுத்தாக. அப்படியே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கசிவும் கிடைத்தது. இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரின் பின்மூலையில், ஆயில் கசியாமல் அடைக்கும் கார்க் கேஸ்கட் காய்ந்து கல்லாகியிருந்தது. மாற்றிய பிறகு அந்த மூலையில் ஒரு வெள்ளைத் துணியை ஒற்றி ஒற்றிப் பார்த்துவருகிறேன், இதுவரை கறை இல்லை.