"அப்பா எப்போ வருவார்?" துக்கத்தோடு பிள்ளை வளர்த்த அனுபவங்கள்

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

என் கணவர் இறந்தபோது மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நாலு. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், நல்ல மனசோடுதான், "அப்பா தூங்குறார் கண்ணா" என்று சின்னவனிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவன் தூங்கவே பயந்தான். நான் கண் அசந்தால் கன்னத்தைத் தட்டி எழுப்புவான்.

குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் ஒருவர்தான் காரணத்தை விளக்கினார். அந்த வயதில், இறந்தவர் திரும்பவே மாட்டார் என்பது பிடிபடாதாம். "தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்களாம். அன்று அவனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அப்பா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே அவருக்கு வலிக்காது, பசிக்காது. தூங்கினா எழுந்திருப்போம். இது தூக்கம் இல்ல." முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்கு வருவாரா?" என்றான். மறுபடி சொன்னேன். மாதக்கணக்கில் அதே கேள்வி, அதே பதில்.

மூத்தவள் அழவே இல்லை. அப்பா இறந்த அன்று சாயங்காலமே விளையாடப் போனாள். "கல்நெஞ்சு" என்று ஒரு உறவினர் அவள் காதுபடச் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பிள்ளைகளால் நம்மைப் போல நாள் முழுக்கத் துக்கத்தில் இருக்க முடியாது. கொஞ்சம் அழுவார்கள், ஓடிப்போய் விளையாடுவார்கள், யாரும் எதிர்பாராத நேரத்தில் உடைந்துபோவார்கள். ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு நான் அப்பாகிட்ட கோவமாப் பேசினேனே, அதனாலயாம்மா?" அத்தனை நாளும் அதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். உங்கள் பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீ பேசியதாலோ நினைத்ததாலோ இது நடக்கவில்லை என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் முன்னால் அழாதே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அழுதேன். "அப்பா நினைப்பு வந்துடுச்சு, அதான் அழறேன். கொஞ்ச நேரத்துல எழுந்து சமைப்பேன்" என்று காரணத்தையும் சொன்னேன். அதன் பிறகுதான் மூத்தவள் என் எதிரில் அழத் தொடங்கினாள்.

ஏழாம் மாதத்தில் மகளை இழந்தவள்:

எனக்கு வயிற்றிலேயே போய்விட்டது. வீட்டில் மூன்று வயது மகன். "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்றார்கள். இதை ஒரு சாவாகவே யாரும் நினைக்கவில்லை. பிள்ளை இல்லாத மார்பில் சில நாளில் பால் கட்டியபோது நான் அலறிவிட்டேன். அப்படி வரும் என்று முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்: அது இயல்பு, மருத்துவரிடம் கேளுங்கள், வழி இருக்கிறது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மகன் தங்கச்சியையும் சேர்த்துத்தான் எண்ணுகிறான். நான் திருத்துவதில்லை.

கைக்குழந்தையோடு அம்மாவைப் பறிகொடுத்தவள்:

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகள் உண்டு எனப் பலரும் எனக்குச் சொன்னார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. வரிசையாக எல்லாம் வரவில்லையே என்று யாரும் தவிக்க வேண்டாம். எனக்குப் பொருந்தியது, துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபும் ஷூட்டும் 1999இல் சொன்னது: மனம் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே போய்ப்போய் வரும், அந்த அலைச்சலே ஆறுதலின் வழி. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அம்மாவை மறந்து சிரித்தேனே என்று குற்ற உணர்வில் கிடந்த எனக்கு, அதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஆனால் மாதங்கள் போயும் தூக்கமோ சாப்பாடோ திரும்பவில்லை, குழந்தையைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்று தோன்றினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். நான் என் அக்காவிடம் சொன்னேன். அவள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.