புதுப்பிப்பு: மீன் முள் குத்தி உணவுக்குழாயில் ஓட்டை, ஆபரேஷன் இல்லாமலே ஆறியது

அப்பாவுக்கு மீன் முள் குத்தி உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம் என்கிறார்கள், ஆபரேஷன் கட்டாயமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நன்றாக இருக்கிறார்.

கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்கிறது என்றதற்கு, “காற்று கசிகிறது, உடனே சிடி ஸ்கேன் கேளுங்கள்” என்று ஒருவர் எழுதினாரே, அதுதான் கைகொடுத்தது. ஓட்டை சிறியது, கழுத்துப் பகுதியில். கசிவு மார்புக்குள் இறங்கவில்லை, சீழும் இல்லை. அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். எண்டோஸ்கோபியில் முள்ளை எடுத்தார்கள். அப்புறம் வாய்வழியே தண்ணீர்கூடக் கிடையாது. நரம்பில் ஆன்டிபயாடிக், மூக்குக் குழாயில் திரவ உணவு. பசியைவிட நாக்கு வறண்டதுதான் அவரைப் படுத்தியது. ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தோம்.

எதிர்பாராதது ஒன்று: கசிவு நின்றதா என்று பார்க்கும் எக்ஸ்ரேவுக்கு முதலில் பேரியம் (உணவுக்குழாய் படத்தில் தெரியக் குடிக்கத் தரும் வெள்ளைத் திரவம்) தரவில்லை, தண்ணீரில் கரையும் மருந்துதான். பேரியம் வெளியே கசிந்தால் உள்ளே அழற்சி வருமாம். கசிவு இல்லை என்றதும் கஞ்சித்தண்ணீர் தொடங்கினார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கடும் வாந்தியில் மார்புக்குள் கிழிந்து பரவினால் பெரும்பாலும் தையலும் வடிகுழாயும் தேவை, சிலருக்கு ஸ்டென்ட் (ஓட்டையை மூட உள்ளே வைக்கும் குழாய்). அங்கே முதல் 24 மணி நேரம் மிக முக்கியம்.