முன்னறிவிப்பு வரைபடத்தின் அழுத்தக் கோடுகளை வெக்டராக (தனித்தனிக் கோட்டுத் தரவாக) எடுப்பது எப்படி?

மேகதூது:
ஐந்து நாள் முன்னறிவிப்பு வரைபடங்கள் பிஎன்ஜி படங்களாகத்தான் என்னிடம் இருக்கின்றன. அவற்றிலுள்ள சம அழுத்தக் கோடுகள் மட்டும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தனி லேயராக வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் (படத்தைத் தானாகக் கோடுகளாக மாற்றுவது) போட்டுப் பார்த்தேன், கடற்கரைக் கோடு, எண்கள், அழுத்தக் கோடு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது, எந்தக் கோட்டுக்கும் மதிப்பு கிடையாது. வேறு வழி உண்டா?

கோட்டுருவன்:
படத்தை விடுங்கள் நண்பரே. அந்தக் கோடுகள் எந்த எண்களிலிருந்து வந்தனவோ அந்த எண்களே இலவசமாகக் கிடைக்கும்போது படத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா வெளியிடும் ஜிஎஃப்எஸ் என்ற உலக வானிலை மாதிரியின் கிரிப்2 கோப்பை (வானிலை எண்களைக் கட்டம் கட்டமாக வைக்கும் வடிவம்) எடுங்கள். 0.25 டிகிரி கட்டம், நிலநடுக்கோட்டில் சுமார் 28 கிமீ. முழுக் கோப்பு பெரியது, நோவாவின் நோமாட்ஸ் தளத்தில் கடல்மட்ட அழுத்தத்தை மட்டும், உங்களுக்கு வேண்டிய பகுதிக்கு மட்டும் வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அதை கியூஜிஐஎஸ்-ல் அப்படியே ராஸ்டராக (கட்டங்களாலான தரவாக) திறந்து, ராஸ்டர் மெனுவில் எக்ஸ்ட்ராக்‌ஷன், அதில் கான்டூர். மதிப்புகள் பாஸ்கலில் இருக்கும், அதனால் 4 ஹெக்டோபாஸ்கல் இடைவெளி வேண்டுமென்றால் 400 என்று கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் அழுத்தம் பண்புப் பட்டியலில் தானாக வந்து உட்காரும்.

மேகதூது:
அருமை, கோடுகள் வந்துவிட்டன! ஆனால் முனை முனையாக இருக்கின்றன, மலைப்பகுதியில் ஒரே சிக்கல். மேற்கு அரைக்கோளம் வேறு வலது ஓரத்துக்குப் போய்விட்டது.

வடகிழக்கு:
கடைசிச் சிக்கல் எளிது. ஜிஎஃப்எஸ் தீர்க்கரேகையை 0 முதல் 360 வரை எண்ணுகிறது. கியூஜிஐஎஸ் கோப்புகளைத் திறக்கப் பயன்படுத்தும் ஜீடால் நூலகத்தின் புதிய பதிப்புகள் இதைத் தாங்களே சரிசெய்துவிடும், பழையது என்றால் மேம்படுத்துங்கள். முனைகளுக்கு, கோடு எடுப்பதற்கு முன்பே ராஸ்டரை கியூபிக் (இடைமதிப்புகளை வளைவாகக் கணக்கிடும்) முறையில் நுண்ணிய கட்டத்துக்கு மாற்றுங்கள். எடுத்த பிறகு கோட்டை மழுக்கினால் பக்கத்துக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. மலைமேல் உண்மையில் கடல்மட்டமே இல்லையே, அங்கே வருவது தரைக்குக் கீழே கணக்குப் போட்டு நீட்டிய மதிப்பு, அதனால்தான் அந்தச் சுருள்கள். லேசாக காஸியன் வடிகட்டி (அருகிலுள்ள மதிப்புகளைக் கலந்து மென்மையாக்குவது) போட்டால் அடங்கும், ஆனால் அதிகம் போட்டால் சிறிய தாழ்வழுத்த மையங்களும் கரைந்துபோகும், அப்புறம் வரைபடத்தில் புயலே இருக்காது. கவனம்.

சேமிக்கும்போது ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவம் போடுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவத்தில் புலப் பெயர் 10 எழுத்தோடு வெட்டுப்படும், முன்னறிவிப்பு நேரத்தையெல்லாம் அதில் எழுதி வைப்பது பெரும் தொல்லை.

பனித்துளி:
கோட்டுருவன் சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. அழுத்தம், வெப்பம், மழை எல்லாம் கிரிப்பில் இருக்கும், சரி. ஆனால் நீல முக்கோணம், சிவப்பு அரைவட்டம் போட்ட முகப்புக் கோடுகள் (குளிர்ந்த, வெதுவெதுப்பான காற்றுத் திரள்களின் எல்லைகள்) அந்த மாதிரிக் கோப்பில் இல்லை. பெரும்பாலும் வானிலையாளர் தன் தீர்ப்பில் வரைந்தவை அவை. அவை வேண்டுமென்றால் படம்தான் வழி. படத்தைப் புவியின் இடங்களோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் புள்ளிகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக வையுங்கள், முதலில் படத்தின் ப்ரொஜெக்‌ஷனைக் கண்டுபிடியுங்கள் (உருண்டைப் புவியைத் தட்டையாக்கிய முறை அது; பல வரைபடங்கள் துருவத்தை மையமாக வைத்த போலார் ஸ்டீரியோகிராஃபிக்), பிறகு கையாலேயே வரையுங்கள். ஒரு வரைபடத்தில் சில முகப்புகள்தானே இருக்கும், தானியங்கி ட்ரேஸைச் சுத்தம் செய்வதைவிட இது சீக்கிரம் முடியும்.

மேகதூது:
முகப்புகளும் தேவைதான். அழுத்தத்தை கிரிப்பிலிருந்தும் முகப்பைக் கையாலும் எடுத்து, ஒரே ஜியோபேக்கேஜில் இரண்டு லேயராக வைக்கிறேன். இரண்டும் ஒரே முன்னறிவிப்பு நேரத்துக்கானவைதானா என்று பார்த்துவிட்டு இன்றே ஆரம்பிக்கிறேன்.