சினிமாத் துணுக்கு ஒன்று உங்களை விடாமல் துரத்திய அனுபவம் உண்டா?

வாவிக்கரை:

போன ஆடி அமாவாசைக்கு நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தீர்த்தத்துக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளத்துப் படியில் கால் நனைத்தபடி நிற்கிறேன். பக்கத்தில் அறுபது வயது இருக்கும் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்தபடி, "தம்பி, நீங்க இந்த ஊருங்களா?" என்றார். பேச்சிலேயே தெரிந்தது, தமிழ்நாட்டுக்காரர். ஓம் என்றேன்.

"பாலு மகேந்திரா பிறந்த அமிர்தகழிக்கு எப்படிப் போகணும்?"

"நீங்கள் நிற்பதே அமிர்தகழியில்தான் ஐயா" என்றேன். மனிதர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து காலடியைப் பார்த்தார். பிறகு குளத்து நீரை ஒரு கை அள்ளி நெற்றியில் வைத்துக்கொண்டார். தீர்த்தமாடவென்று வந்தவர் அல்ல அவர். 'மூன்றாம் பிறை' வந்த 1982-இல் தொடங்கி அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணிக்கையே இல்லை என்றார்.

அதன் பிறகுதான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கே படித்தார் என்று கேட்டார், புனித மிக்கேல் கல்லூரி என்று சொல்லிவிட்டேன். முதன்முதலில் இயக்கிய படம்? 'அழியாத கோலங்கள்' என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அது ரெண்டாவது. முதல் படம் கன்னடத்துல, 'கோகிலா', 1977. கமலும் ஷோபாவும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க ஊர்ப் பிள்ளை தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் இன்னும் குத்துகிறது.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள். பழைய படம், புதுப் படம், பேய்ப்படம், எதுவானாலும் சரி.

கல்முனைக் காக்கா:

எனக்கு மூத்தாப்பாவோடு. 'நாடோடி மன்னன்' பற்றி. அந்தப் படம் பாதி கறுப்பு வெள்ளை, பிறகு கலர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இவருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் முப்பது வருசமாக ஒரே வழக்கு: கலர் எந்த இடத்தில் வந்தது? கூட்டாளி, இடைவேளை முடிந்த கையோடு என்பார். மூத்தாப்பா, "சரோஜாதேவி வந்தாத்தான் மனே கலர் வந்த" என்பார். அசர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் இருந்தால், எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து முடியும்.

கூட்டாளி மௌத்தாகி ஒரு மாதத்துக்குப் பிறகு படம் என் கைக்குக் கிடைத்தது. மடிக்கணினியில் போட்டு மூத்தாப்பாவுக்கு முன்னால் வைத்தேன். பானுமதியின் பகுதியெல்லாம் ஓடி முடிகிறது, சரோஜாதேவி வரப்போகிற இடம் நெருங்குகிறது. மூத்தாப்பா கையை நீட்டித் திரையைத் தாழ்த்தி மூடிவிட்டார். "அவன் இல்லாம நான் மட்டும் பார்த்து என்ன செய்ற" என்றார். அவ்வளவுதான். நானும் அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பார்க்கவில்லை. தமிழில் வந்த முதல் கலர்ப்படமும் அதுதான் என்று அவர் சொல்லுவார்.

படுவான்கரைப் பிள்ளை:

எங்களுடையது 'ஜகன்மோகினி'. எண்பதுகளின் நடுப்பகுதி, எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, டவுனிலிருந்து டிவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் மண்முனைத்துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், ஏற்றிக் கொண்டுவருவார்கள். அப்போது பாலம் ஏது? இரவைக்கு மூன்று படம். முதலில் சாமிப்படம், நடுவில் எம்.ஜி.ஆர், விடியப்பக்கம் பேய்ப்படம். பேய்ப்படம் வரும்போது சின்னப்பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள் என்று கணக்கு. நாங்கள் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை.

அந்தக் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விறகு இல்லை. பேய் தன் காலையே அடுப்புக்குள் நீட்டிவிட்டுச் சமைக்கும். கால் எரிகிறது, அது பாட்டுக்குச் சமைக்கிறது. சரியாக அந்த இடத்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. எண்ணெய் முடிந்துபோயிற்று. கும்மிருட்டு. ஐம்பது அறுபது பேர் இருந்த வளவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. யாரோ ஒரு பெண் மட்டும், "மறுகா என்ன நடந்த?" என்று கேட்டாள்.

அதைவிட மறக்க முடியாதது அடுத்த நாள் காலை. பெத்தா குசினியில் அடுப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்து பிட்டு அவிக்கிறா. எப்போதும் அப்படித்தான் இருப்பா, மூட்டு வருத்தம். நான் வாசலில் வந்து நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவவும் என்னைப் பார்த்தா, காலைப் பார்த்தா, ஒன்றும் பேசாமல் மெல்ல மடக்கிக்கொண்டா. அதற்குப் பிறகு சாகும்வரை அடுப்பங்கரையில் அவ கால் நீட்டி நான் காணவில்லை. அந்த வருத்தத்தோடு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பா. நான் அப்படிப் பார்த்திருக்கக் கூடாது.

ரீல்பெட்டி:

முதலில் கல்முனைக் காக்காவுக்கு. மூத்தாப்பாவின் கடைசிக் கூற்று தவறு. முழுநீளக் கலரில் வந்த முதல் தமிழ்ப்படம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956. 'நாடோடி மன்னன்' வந்தது 1958. இரண்டிலும் எம்.ஜி.ஆரும் பானுமதியும் இருப்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். சரோஜாதேவி விசயத்தில் அவர் சொன்னது சரி. அவருடைய பகுதிதான் கலர். ஆகவே வழக்கில் அவர்தான் வென்றார், அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது 'ஜகன்மோகினி'. அது தமிழ்ப்படம் அல்ல, தெலுங்கிலிருந்து குரல் மாற்றி வந்தது. விட்டலாச்சார்யாவின் படம், 1978, ஜெயமாலினியும் நரசிம்மராஜுவும். பேய்ப்படம், மூன்றாந்தரம் என்று தள்ளிவிட வேண்டாம். கணினி இல்லாத காலம், கையில் பெரிய காசும் இல்லை. அட்டையும் துணியும் புகையும் கேமராத் தந்திரமும் வைத்துக்கொண்டு, படுவான்கரையில் ஒரு கிழவி கால் மடக்குகிற அளவுக்குச் செய்து காட்டினார் அல்லவா? பெரிய பெரிய படங்களுக்கு அது வாய்க்கவில்லை.

என் கதை சின்னது. கல்லடியில் கசட் கடை வைத்திருந்தேன். 2004 சுனாமியில் எல்லாம் போயிற்று. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். வேலி முட்கம்பி முழுக்க நாடா சுற்றிக் கிடந்தது, காற்றுக்கு மினுங்கிக்கொண்டு. எந்தப் படத்தின் நாடா எது என்று தெரியாது. அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், வீட்டில் பழைய வீடியோ கசட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். படுக்க வைக்காதீர்கள், புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். பாதியில் நின்ற நாடாவை ஒரு முனைக்கு முழுவதும் சுற்றிவிட்டு வையுங்கள். எங்கள் பக்கம் உப்புக்காற்றும் ஈரமும் அதிகம். கசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள், நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் மாதிரித் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை ஒருபோதும் டெக்கில் போடாதீர்கள். டெக்கின் தலை கெடும், அடுத்துப் போடுகிற கசட்டுக்கும் பூஞ்சணம் ஒட்டும். வெயிலில் காய வைப்பதும் பிழை, நாடா சுருண்டு போகும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து, மூடி இறுகிய பெட்டிக்குள் கசட்டோடு போட்டு வையுங்கள். கலியாண வீட்டு கசட் என்றால் அதன் முதுகுப் பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை முறித்துவிடுங்கள். அப்போது யாரும் தவறுதலாக மேலே பதிய முடியாது. கணினிக்கு மாற்றுவதானால் மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. முதலில் கலியாணம், பிறந்தநாள், செத்த வீடு. சினிமாப் படங்கள் கடைசியில். சினிமா வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கும், உங்கள் அம்மா நடக்கிற காட்சி வேறு எங்கும் இருக்காது.

படுவான்கரைப் பிள்ளை:

ரீல்பெட்டி அண்ணே, தெலுங்கு என்று எனக்கும் தெரியும். வாயசைவு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும்தானே. பெத்தாவுக்கு அது தமிழ்ப்படம்தான், ஆகவே எனக்கும் தமிழ்ப்படம்தான். நாடாக் கதையை நீங்கள் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் இன்னும் கேட்க வேண்டும்.

அக்கரைப்பற்று ஆசிரியை:

வாவிக்கரைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு நானும் எழுதத்தான் வேண்டும். ஒரு பாடசாலையில் பொது அறிவுப் போட்டி. என் வகுப்புப் பிள்ளை கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். கேள்வி: 'முள்ளும் மலரும்' படத்தை இயக்கியவர் யார்? பிள்ளை "மகேந்திரன்" என்றாள். நடுவரின் தாளில் "பாலு மகேந்திரா" என்று இருந்திருக்கிறது. பிழை என்று மணி அடித்துவிட்டார்கள்.

இயக்கியவர் மகேந்திரன்தான். 1978, அவர் இயக்கிய முதல் படம், உமாசந்திரனின் நாவல். ஒளிப்பதிவுதான் பாலு மகேந்திரா, தமிழில் அவருடைய முதல் ஒளிப்பதிவு. எனக்கு இது நன்றாகத் தெரியும். என் வீட்டில் ரஜினியின் காளி வேடத்தைப் பற்றிப் பேசாத நாள் இல்லை.

பிள்ளை மேடையிலிருந்து என்னைத்தான் பார்த்தாள். அழவில்லை. "டீச்சர், நான் சொன்னது சரிதானே?" என்று கண்ணாலே கேட்டாள். நான் முன்வரிசையில் இருக்கிறேன். அதிபர், விருந்தினர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். எழும்ப வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் அவளிடம் "நீ சொன்னதுதான் சரி" என்று சொன்னேன். "அப்ப ஏன் டீச்சர் நீங்க சொல்லல்ல?" என்றாள்.

பதினொரு வருசம் ஆகிறது. பாலு மகேந்திரா எங்கள் மண்ணில் பிறந்தவர், அதில் எனக்கும் பெருமைதான். அதற்காக இன்னொருவரின் படத்தை எடுத்து அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கு அவருடையதே நிறைய இருக்கிறது.

அம்பாறை பஸ்காரன்:

நான் வேலை விசயமாகக் கொழும்புப் பக்கம் போகும்போது ஒரு தடவை கித்துல்கலவில் இறங்கினேன். 'பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' எடுத்த இடம். படத்தில் தாய்லாந்து என்று வரும், ஓடுவது எங்கள் களனி ஆறு. பாலத்தை உண்மையாகவே கட்டி, உண்மையான ரயிலை அதன்மேல் ஓட்டி, உண்மையாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1957-இல் வந்தது, 7 ஆஸ்கார்.

ஆற்றங்கரைத் தேநீர்க் கடையில் ஒரு சிங்களப் பெரியவர். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவருடைய தகப்பன் அந்தப் பாலத்துக்கு மரம் தூக்கினாராம். "கட்டும்போது மாதக் கணக்கு, உடைந்தது ஒரு நிமிசம். தாத்தா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா.

வாவிக்கரைக்கு இது எதற்கு என்றால், பாலு மகேந்திரா பையனாக இருக்கும்போது பாடசாலைச் சுற்றுலாவில் அந்தப் படப்பிடிப்பைத்தான் பார்த்தார். டேவிட் லீன் "மழை" என்று குரல் கொடுத்தார், மழை பெய்தது என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். மழையை வரவழைக்கிற வேலை அது என்று நினைத்துத்தான் இயக்குநராக ஆசைப்பட்டாராம். அந்தத் தேநீர்க் கடையில் இதை அந்தப் பெரியவருக்குச் சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை. அவருடைய தகப்பன் மரம் தூக்கிய அதே இடத்தில்தான் எங்கள் ஊர்ப் பையன் நின்றான் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார். அடுத்த தடவை போகும்போது சொல்லச் சரியான சிங்கள வசனத்தை ஒருவரிடம் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

கல்முனைக் காக்கா:

ரீல்பெட்டி, மூத்தாப்பாவிடம் சொன்னேன். அலிபாபாதான் முதல் கலர்ப்படம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. சரோஜாதேவி விசயம் சரி, வழக்கில் நீங்கதான் வென்றீங்க என்றதும், "வென்று என்ன, அவன்ட வீட்டுல சொல்லு" என்றார். அந்தக் கூட்டாளியின் மகனுக்கு அழைப்பெடுத்து நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வாப்பா கடைசியில ஒத்துக்கிட்டார், உங்க மூத்தாப்பாட்ட மட்டும் சொல்ல வேணாம் எண்டார்" என்றார். இதை மூத்தாப்பாவிடம் சொல்வதா விடுவதா என்று ரெண்டு நாளாக யோசிக்கிறேன்.

வாவிக்கரை:

காக்கா, சொல்லிவிடுங்கள். தாமதிக்க வேண்டாம்.

நேற்றிரவு மகளோடு இருந்து 'வீடு' பார்த்தேன். 1988 படம். பாட்டே இல்லை, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை தேசிய விருது வாங்கித் தந்த படம். சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருவார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வந்து, பூசாத சுவரைத் தடவிப் பார்ப்பார். மகள் அந்த இடத்தில் எதுவும் பேசவில்லை. படம் முடிந்து எழும்பிப் போகும்போது எங்கள் வீட்டு முன்சுவரைப் போகிற போக்கில் ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள். தான் அப்படிச் செய்தது அவளுக்கே தெரியாது.

மதுரையோ திருச்சியோ, அந்த ஐயா எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. இந்த ஆடிக்கும் மாமாங்கத்தில்தான் இருப்பேன், அதே படியில்.