வெளி மாநிலத்தில் வாடகை வீடு: இண்டியானாபொலிஸா, கிளீவ்லாந்தா?

எடிசன்வாசி:
வணக்கம். இருப்பது நியூ ஜெர்சியில். வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க நினைக்கிறேன். இங்கே இப்போதைய வீட்டு விலைக்கு, வருகிற வாடகை கட்டுபடியாகவில்லை என்பதால் வெளி மாநிலம் பார்க்கிறேன். இண்டியானாபொலிஸில் 3 பெட்ரூம் தனி வீடு ஒன்று 160,000 டாலருக்கு வந்திருக்கிறது. ஓனர் போன வருடம்தான் காலி செய்து வாடகைக்கு விட்டிருக்கிறார், வாடகை 1,500. டவுன் பேமென்ட் 25%, வட்டி 7%, 30 வருடக் கடன். மாதம் 450 கையில் நிற்கும் என்று ஏஜென்ட் சொல்கிறார். கிளீவ்லாந்தில் இதைவிட மலிவாகவே கிடைக்கிறது. நேரில் போகாமல் வாங்கலாமா? எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? எல்எல்சி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட தனி கம்பெனி) பெயரில் வாங்குவதா, சொந்தப் பெயரிலா? எச்-1பி வேலை விசாவில் இருப்பது பிரச்சினையா?

வரவுசெலவு:
அந்த 450 எப்படி வந்தது என்று பாருங்கள். 120,000 கடனுக்கு அசலும் வட்டியும் 798. வரி வருடம் 1,600 என்று வைத்தால் மாதம் 133, இன்சூரன்ஸ் 120. 1,500-ல் இந்த மூன்றையும் கழித்தால் 449. ஏஜென்ட் அங்கேயே பேனாவை மூடிவிட்டார்.

முதல் ஓட்டை வரி. இண்டியானாவில் ஓனர் குடியிருக்கும் வீட்டுக்கு வரி உச்சவரம்பு மதிப்பில் 1%, வாடகை வீட்டுக்கு 2%. லிஸ்டிங்கில் (விற்பனை விளம்பரத்தில்) தெரிவது பழைய ஓனர் குடியிருந்தபோது வந்த பில். உங்களுக்கு 3,200 வரை, அதாவது மாதம் 267 வரலாம். பள்ளிகளுக்காக வாக்கெடுப்பில் நிறைவேறிய வரி இருந்தால் அது இந்த வரம்புக்கு மேலே தனி.

அதோடு வீட்டை உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளும் மேனேஜருக்கு வாடகையில் 10% என்றால் 150. வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் 125. சில்லறை ரிப்பேர் 150. கூரை, ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் மாதிரி பெரிய செலவுக்கு ஒதுக்க 100. எல்லாம் கூட்டினால் 1,710. மாதம் 210 உங்கள் கையிலிருந்து போகும்.

பேரம் பேசிச் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். விலையில் 10,000 குறைந்தால் தவணையில் 50-தான் குறையும். அந்த 210-ஐ ஈடுகட்ட 40,000-க்கு மேல் குறைக்க வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. இந்த வாடகைக்கு இந்த விலை பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இண்டியானாவில் வரி ஒரு வருடம் பின்தங்கி, மே 10, நவம்பர் 10 என்று இரண்டு தவணையாகக் கட்டுவது. க்ளோசிங்கில் (பணம் கட்டி வீடு கைமாறும் நாளில்) விற்பவர் தன் காலத்து வரியை உங்களுக்கு வரவு வைப்பார், ஆனால் வழக்கமாகப் பழைய பில்லை வைத்துத்தான். அடுத்த பில் 2% கணக்கில் வந்தால் வித்தியாசம் உங்கள் தலையில். உண்மையான பில் வந்தபின் நேர் செய்துகொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஏரிக்கரை:
கிளீவ்லாந்து பத்தி கேட்டீங்க. மலிவா இருக்கறதுக்குக் காரணம் இருக்குங்க. நிறைய வீடு நூறு வருஷப் பழசு. சாதாரண இன்ஸ்பெக்ஷனோட நிறுத்தாதீங்க, வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவுல போற கழிவுநீர்க் குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாக்கச் சொல்லுங்க. அந்தக் காலத்து மண் குழாய், இணைப்புக்கு இணைப்பு மரத்து வேர் உள்ள புகுந்திருக்கும். வீடியோல குழாய் தொய்ஞ்சு தண்ணி தேங்கற இடம் தெரிஞ்சா, வேரை வெட்டி எடுத்தாலும் மறுபடி அடைக்கும், தோண்டித்தான் மாத்தணும். அது ஆயிரக்கணக்குல இழுக்கும், ஒரு வருஷ லாபம் அதுலயே போயிடும்.

1978-க்கு முன்னாடி கட்டின வாடகை வீடுன்னா கிளீவ்லாந்து நகரத்துல ஈயப் பெயின்ட் அபாயம் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கணும். எங்க தெரியுமா மாட்டும்? மேலும் கீழும் தள்ளற பழைய மர ஜன்னல்ல. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பெயின்ட் உரசிப் பொடியா ஜன்னல் சட்டத்துல விழும், சோதனைல அந்தத் தூசியைத்தான் துடைச்சு எடுப்பாங்க. அதனால ஜன்னல் மாத்தியாச்சான்னு முதல்லயே கேளுங்க.

வெளி மாநில ஓனர்னா உள்ளூர்ல பொறுப்பாளர் ஒருத்தரைப் பதிவு பண்ணணும். தண்ணி பில்லை டெனன்ட் கட்டாம விட்டா ஓனர் சொத்து வரிலயே ஏத்தவும் வாய்ப்பு உண்டு, அதனால கணக்கை உங்க பேர்ல வச்சு வாடகைல சேர்த்து வாங்கறது மேல். சுத்தி இருக்கற சில சின்ன நகரங்கள்ல வீடு கைமாறும்போதே நகராட்சி இன்ஸ்பெக்ஷன் உண்டு. வர்ற குறைப்பட்டியலை விற்கறவர் முடிக்கலேன்னா வாங்கறவர் பணம் கட்டி வைக்க வேண்டி வரும். ஆஃபர் போடறதுக்கு முன்னாடி அந்த நகராட்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.

சாவிக்கொத்து:
ஊரைவிட மேனேஜர் முக்கியம். வீடு பார்ப்பதற்கு முன்பே மூன்று பேரிடம் பேசி, இந்தத் தெருவில் வீடு எடுத்தால் நிர்வகிப்பீர்களா என்று கேளுங்கள். மாட்டேன் என்று சொல்கிற தெருவில் வாங்க வேண்டாம். ஏஜென்ட் சொல்லாததை இந்த ஒரு பதில் சொல்லிவிடும்.

ஒப்பந்தத்தில் 8% என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அது வசூலான வாடகைக்கா, வர வேண்டிய வாடகைக்கா? இரண்டாவது என்றால் வீடு காலியாக இருந்தாலும் அவருக்குப் பணம் போகும். டெனன்ட் பிடித்துத் தர அரை மாதத்திலிருந்து ஒரு மாத வாடகை வரை தனியாக வாங்குவார்கள், லீஸ் புதுப்பிக்க இன்னொன்று, ரிப்பேர் பில்லுக்கு மேல் 10% இன்னொன்று. ஆண்டுக்கு ஆண்டு டெனன்ட் மாறினால் 8% உண்மையில் 16% ஆகிவிடும். 300 டாலருக்கு மேல் எந்த வேலைக்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும், பில்லோடு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ வேண்டும், 30 நாள் நோட்டீஸில் விலகலாம் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

டெனன்ட் ஏற்கெனவே இருப்பதை வசதி என்று எண்ண வேண்டாம். விற்பதற்காகவே அவசரமாக யாரையோ உட்கார வைப்பதும் உண்டு. லீஸ் பிரதி, மாதவாரி வாடகை வரவு, அது பேங்கில் விழுந்ததற்கான ஸ்டேட்மென்ட் கேளுங்கள். பிறகு டெனன்ட்டே கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும்: வாடகை எவ்வளவு, டெபாசிட் எவ்வளவு, எது வரை கட்டியாயிற்று, ஃப்ரிட்ஜும் வாஷரும் யாருடையவை. இது இல்லாமல் வாங்கினால், போகும்போது ஃப்ரிட்ஜ் என்னுடையது என்று எடுத்துப் போவார், கொடுக்காத டெபாசிட்டைத் திருப்பிக் கேட்பார், மறுக்க உங்களிடம் காகிதம் இருக்காது. டெபாசிட் தொகை க்ளோசிங் கணக்கில் உங்களுக்கு வரவாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எடிசன்வாசி:
ரொம்ப நன்றி. இந்த வீட்டை விட்டுவிடுகிறேன். கடன், எல்எல்சி, விசா பற்றி யாராவது?

ஷெட்யூல்_ஈ:
சாதாரண மார்ட்கேஜ் தனிநபர் பெயரில்தான் கிடைக்கும். முதலீட்டு வீட்டுக்குக் குடியிருக்கும் வீட்டைவிட வட்டி கூடுதல், ஆறு மாதத் தவணை அளவு கையிருப்பும் கேட்பார்கள். எல்எல்சி பெயரிலேயே வேண்டுமென்றால் வாடகை வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் டிஎஸ்சிஆர் கடன் இருக்கிறது. வட்டி இன்னும் ஏறும், முதல் சில வருடங்களில் அடைத்தால் அபராதமும் பெரும்பாலும் இருக்கும். சொந்தப் பெயரில் வாங்கிப் பிறகு எல்எல்சி-க்கு மாற்றினால் முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்ல பேங்குக்கு உரிமை உண்டு. ஒரு வீட்டுக்கு எல்எல்சி தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல லேண்ட்லார்ட் பாலிசியும் (வாடகை வீட்டுக்கான இன்சூரன்ஸ்), அதன் வரம்பைத் தாண்டும் வழக்குகளுக்கு மேலே ஒரு அம்ப்ரெல்லா பாலிசியும் போதும். பாலிசியில் வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் காலியாக இருந்தால் எதற்கெல்லாம் இழப்பீடு கிடையாது என்ற பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.

வரிக்கு: கட்டடத்தின் மதிப்பை (நிலத்தை விட்டு) 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம். காகிதத்தில் நஷ்டம் வந்தாலும் உங்கள் வருமானம் 150,000-ஐத் தாண்டினால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அது படிவம் 8582-ல் சேர்ந்துகொண்டே போய், பின்னால் வாடகை லாபத்திலோ வீட்டை விற்கும்போதோ கைகொடுக்கும். இண்டியானாவில் தனி ரிட்டர்ன் போட வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் கிடைக்கும்.

எச்-1பி-யில் வீடு வாங்குவதற்கும் வாடகை வாங்குவதற்கும் தடை இல்லை. நீங்களே டெனன்ட் தேடி, பெயின்ட் அடித்து, தினசரி நிர்வாகம் செய்தால் அது வேலை என்று கருதப்படலாம். மேனேஜர் இருந்தால் அந்தச் சிக்கல் குறையும். வாங்குமுன் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரில் போகாமலே க்ளோசிங் முடிக்கலாம், நோட்டரி வீட்டுக்கே வருவார். ஆனால் பணம் அனுப்பும் அக்கவுன்ட் விவரம் ஈமெயிலில் வந்தால், அதிலிருக்கும் நம்பரைக் கூப்பிடாமல், டைட்டில் கம்பெனியின் (பத்திரத்தைச் சரிபார்த்துக் க்ளோசிங்கை நடத்தும் நிறுவனம்) நம்பரை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு, ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபார்த்த பிறகே வயர் அனுப்புங்கள். கடைசி நேரத்தில் அக்கவுன்ட் மாறிவிட்டது என்று ஈமெயில் வந்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.