வென்றவருக்குத் திரும்பும் வக்கீல் கட்டணம்: சொல் வேண்டும்

சட்ட ஆசிரியர் எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை வகுப்பில் இந்தியாவின் 1996 நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் (கோர்ட்டுக்குப் பதிலாக நடுவரை வைத்துத் தகராறு தீர்ப்பது பற்றியது) 31ஏ பிரிவைத் தமிழில் நடத்த வேண்டும். 2015 திருத்தத்தில் வந்த பிரிவு. தோற்றவர் வென்றவருக்குச் செலவைக் கொடுப்பது பொது விதி. வக்கீல் பீஸும் அதில் சேரும். ஆனால் கட்டியது முழுக்கத் திரும்பி வராது, நியாயமான அளவுதான் வரும். அந்தப் பகுதிக்கு ஒரு சொல் வேண்டும், அதன் வரம்புக்கும் ஒரு சொல் வேண்டும். பகுதிக்கு ‘மீட்புச் செலவு’ என்று எழுதிப் பார்த்தேன். மீட்பதற்கு ஆகும் செலவு என்று ஒரு மாணவி புரிந்துகொண்டாள்.

தமிழாசிரியை எழுதியது:
ஐயா, செலவு ‘செல்’லில் பிறந்தது. சங்கப் பாட்டில் செலவு என்றால் பயணம். பொருள் தேடக் கிளம்பிய தலைவன் தயங்கி நிற்பது செலவழுங்கல்; அது போகாமலே இருந்துவிடுவது இல்லை, தலைவியைத் தேற்றத் தள்ளிப்போடுவது என்கிறது தொல்காப்பியம். போன காசு செலவு என்றால் திரும்பும் காசு ‘மீள்வரவு’.

வழக்கறிஞர் எழுதியது:
அம்மா, சொல் அழகு. ஆனால் வரவு என்றதும் கட்சிக்காரர் வருமானம் என்று நினைப்பார். மனுவின் கடைசியில் ‘செலவுத்தொகையுடன்’ என்றுதானே கேட்கிறோம்? ‘பெறத்தக்க செலவுத்தொகை’ போதும். வரம்புக்கு ‘உச்சவரம்பு’ வையுங்கள். நில உச்சவரம்பு ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
உச்சவரம்பு வேண்டாம் ஐயா. உச்சவரம்பு என்றால் ஓர் எண் இருக்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தின் 65ஆம் பிரிவில், இந்தத் தொகைக்கு மேல் திரும்பப் பெற முடியாது என்று நடுவர் முன்கூட்டியே சொல்லலாம்; அங்கே பொருந்தும். 31ஏவில் எண்ணே கிடையாது. வீண் எதிர்க்கோரிக்கை போட்டு இழுத்தடித்தாரா, நியாயமான சமாதானத்தை மறுத்தாரா என்றெல்லாம் பார்த்து முடிவு செய்கிறார்கள். 5ஆம் உட்பிரிவு இன்னும் வேறு: யார் ஜெயித்தாலும் செலவு உன் தலையில் என்று முன்பே எழுதி வாங்கிய ஒப்பந்தம் செல்லாது, தகராறு எழுந்த பிறகு ஒப்புக்கொண்டால்தான் செல்லும். கையெழுத்துப் போடும்போது பேரம் பேச வலுவில்லாதவரைக் காப்பாற்றும் விதி இது. இதற்குப் போய் உச்சவரம்பு என்றால் மாணவர்கள் தொகையைத் தேடுவார்கள். நான் ‘தகுசெலவு’ என்பேன். நியாயம், அளவு இரண்டும் ‘தகு’வில் இருக்கின்றன.

வழக்கறிஞர் எழுதியது:
தகுசெலவைக் கோர்ட்டில் சொன்னால் விளக்கம் கேட்பார்கள்.

சட்ட ஆசிரியர் எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. தனி மடலில் மூன்று பேர் ‘பெறத்தக்க செலவுத்தொகை’க்கே கை தூக்கியிருக்கிறார்கள். சரி, பலகையில் அதையே எழுதுகிறேன். வரம்புக்கு வெறும் ‘வரம்பு’.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
‘பெறத்தக்க’வில் வாங்குகிறவரின் உரிமை தெரிகிறது, அளவு தெரியவில்லை. வினாத்தாளில் அச்சாகும் முன் இன்னொரு மடல் போடுவேன்.