31 டாலரில் நின்ற புதுச்சேரி துட்டு ஒரே ராத்திரியில் 85: விற்பவரே ஆள் வைத்து ஏற்றுகிறாரா?

முத்தியால்பேட்டை துட்டு:

வணக்கம். வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் பிரெஞ்சுக்காரர் காலத்துச் செப்புத் துட்டு ஒன்றைக் கேட்டிருக்கிறேன். ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. அவர்கள் ‘டூடூ’ என்று போடுவார்களே, அதுதான். என் உச்சத் தொகை 85 டாலர். நேற்று ராத்திரி நடந்தது இது:

11.40 வரை விலை 31, நான்தான் முன்னால்.
11.42: புது ஆள் வந்தார். விலை 86, என்னைத் தாண்டிவிட்டார்.
11.49: அவர் பிட்டை (கேட்ட தொகையை) வாபஸ் வாங்கினார். விலை பழையபடி 31.
11.53: அதே ஆள் மறுபடி வந்தார். விலை 85, நான் முன்னால்.

அவருடைய பின்னூட்ட எண் (முந்தைய வியாபாரங்களுக்குக் கிடைத்த மதிப்பீடு) 2. ஏலம் முடிய இன்னும் 30 மணி நேரம் இருக்கிறது. இது தற்செயலா? நான் என் பிட்டை வாபஸ் வாங்கலாமா? ஜெயித்துவிட்டால் 85 கட்டியே ஆகணுமா?

மஞ்சக்குப்பம் நாணயப்பெட்டி:

தம்பி, நேரத்தைக் குறித்து வைத்தது நல்ல காரியம். தளத்தின் பெயர் சொல்லவில்லை, அதனால் இபேயில் உள்ள முறையை வைத்துச் சொல்கிறேன். தானியங்கி பிட் உள்ள மற்ற தளங்களும் ஏறக்குறைய இப்படித்தான்.

முதலில் கணக்கு. நீங்கள் 85 போட்டாலும் தளம் அதை வெளியே காட்டாது. இரண்டாவது ஆளின் தொகைக்கு மேல் ஒரு படி மட்டும் வைக்கும். 25 டாலரிலிருந்து 99.99 வரை படி 1 டாலர். இரண்டாவது ஆள் 30 போட்டிருந்ததால் உங்களுக்கு 31 காட்டியது. புது ஆள் பெரிய தொகை ஒன்றை அடித்ததும் விலை உங்கள் உச்சத்துக்கு மேல் ஒரு படி ஏறி 86-இல் நின்றது. 86-இல் ஒன்று போனால் 85, அதுதான் உங்கள் உச்சம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாபஸ் வாங்கினார், 84 போட்டார், தளம் உங்களை 85-க்குத் தூக்கியது. அவருக்குக் காசு போகவில்லை, உங்கள் உச்சம் முழுசாகக் கறக்கப்பட்டது.

இனி பிட் ஹிஸ்டரி (யார் எப்போது எவ்வளவு கேட்டார் என்ற பட்டியல்) பக்கத்துக்குப் போங்கள். தானியங்கி பிட்டுகளைக் காட்டும் வசதியை இயக்குங்கள், இல்லாவிட்டால் யார் யாரை ஏற்றினார்கள் என்பது குழப்பமாகத் தெரியும். கீழே வாபஸ் பட்டியல் இருக்கும். அதில் அவர் எவ்வளவு போட்டார், என்ன காரணம் சொன்னார் என்று பார்த்து எழுதுங்கள். பிறகு அந்த மறைத்த பெயரை, அதாவது இரண்டு எழுத்தும் நடுவில் நட்சத்திரமும் உள்ளதை, அழுத்தினால் 30 நாள் சுருக்கம் வரும். அவர் போட்ட பிட்டுகளில் எத்தனை சதவீதம் இந்த விற்பவரிடம், மொத்தம் எத்தனை பிட், எத்தனை வாபஸ், எந்தெந்தப் பிரிவில் கேட்டார் என்ற நான்கும் வேண்டும்.

முத்தியால்பேட்டை துட்டு:

பார்த்துவிட்டேன் அண்ணா. வாபஸ் பட்டியலில் 150 டாலர், காரணம் ‘தொகையைத் தவறாக உள்ளிட்டேன்’. 30 நாளில் 41 பிட், இந்த விற்பவரிடம் 95%, வாபஸ் 4. பிரிவுகள்: நாணயம், தபால்தலை, கைக்கடிகாரம், பீங்கான்.

மஞ்சக்குப்பம் நாணயப்பெட்டி:

வெறும் சதவீதத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. புதுச்சேரி நாணயம் மாதிரி சின்னத் துறையில் விற்பவர்களே நாலைந்து பேர்தான், உண்மையான சேகரிப்பாளருக்கும் 80, 90% வரலாம். மொத்தமே 2 பிட் போட்டவருக்கு 100% வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு டாலராக ஏற்றிக்கொண்டே போகிறவரும் பெரும்பாலும் தானியங்கி முறை புரியாத புது ஆள்தான்.

ஆனால் உங்கள் ஆளிடம் மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்கிறது. துட்டு சேர்க்கிறவர் அதே கடையில் பீங்கானும் கைக்கடிகாரமும் கேட்கிறார், அதாவது அவர் பின்தொடர்வது பொருளை இல்லை, விற்பவரை. அடுத்தது வாபஸ் காரணம். 15 என்று அடிக்கப்போய் 150 ஆகிவிட்டது என்று சொல்ல வழியில்லை, விலை அப்போதே 31. கடைசியாக, திரும்பி வந்து போட்ட தொகை உங்கள் உச்சத்துக்குச் சரியாக ஒரு படி கீழே. இனி கடைசி நிமிடத்தில் அவர் வருகிறாரா என்றும் பாருங்கள். பொருள் வேண்டும் என்பவர் முடியும் நேரத்தில் நிற்பார். ஏற்றிவிட வந்தவர் முன்னாடியே ஒதுங்கிவிடுவார், ஜெயித்துவிட்டால் அவருக்குத்தான் சிக்கல்.

கடலூர் முதுநகரில் மீன் ஏலம் என்றால் பக்கத்தில் நின்று கேட்கிறவர் முகம் தெரியும், யாருடைய ஆள் என்று சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியும். இங்கே பிட் ஹிஸ்டரிதான் முகம். அதைப் படிக்கப் பழகாமல் பெரிய தொகை போட வேண்டாம்.

வைத்திக்குப்பம் வாசகன்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு. இபேயில் வாபஸுக்கு ஒப்புக்கொள்ளும் காரணம் மூன்றுதான்: தொகை தவறு, பொருள் விவரம் கணிசமாக மாறியது, விற்பவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ‘சந்தேகம்’ அதில் இல்லை, பொய்க் காரணம் போட்டால் உங்கள் கணக்கில்தான் கறை. நேரக் கட்டுப்பாடும் உண்டு. முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வாங்கலாம், உங்கள் எல்லாப் பிட்டும் போய்விடும். 12 மணி நேரத்துக்குள் என்றால் பிட் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டும், அதுவும் அந்தக் கடைசிப் பிட் ஒன்றுதான் போகும்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. விற்பவரால் உங்கள் பிட்டை ரத்து செய்ய முடியும். தளத்தின் உள்செய்தியிலேயே இரண்டு வரி எழுதுங்கள்: ‘இந்த ஏலத்தில் ஒருவர் பிட்டை வாபஸ் வாங்கி மறுபடி கேட்டிருக்கிறார். என் பிட்டை ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ ‘நீதான் ஆள் வைத்தாய்’ என்று எழுதாதீர்கள். நிரூபணம் உங்கள் கையில் இல்லை, வாக்குவாதம் வந்தால் ரத்து கிடைக்காது.

அதற்கு முன்னால் திரைப்பிடிப்பு எடுங்கள்: பொருள் எண்ணோடு பட்டியல் பக்கம், பிட் ஹிஸ்டரி, வாபஸ் பட்டியல், 30 நாள் சுருக்கம். அமெரிக்கத் தளம் பசிபிக் நேரம் காட்டும். கோடையில் நம் நேரம் அதற்கு 12½ மணி முன்னால், குளிர்காலத்தில் 13½. தளத்தின் நேரம், நம் நேரம் இரண்டையும் எழுதிவையுங்கள். பிறகு பட்டியல் பக்கத்தில் புகார் இணைப்பு வழியாக, விலையை ஏற்றும் போலி பிட் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். என்ன முடிவெடுத்தார்கள் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், அதற்காகப் புகாரை விட்டுவிடாதீர்கள். விற்பவரும் அந்த ஆளும் ஒருவரேதானா என்று காட்டும் இணைய முகவரியும் (ஐ.பி.) கட்டண விவரமும் தளத்துக்குத்தான் தெரியும்.

ரத்து கிடைக்காமல் ஜெயித்துவிட்டால், பணம் கட்டும் முன் தளத்தின் உதவிப் பிரிவிடம் அதே ஆதாரங்களோடு பேசுங்கள். பேசாமல் இருந்தால் 4 நாள் கழிந்ததும் விற்பவர் ‘பணம் கட்டவில்லை’ என்று ரத்து செய்யலாம், அது உங்கள் பேரில் பதிவாகும்.

முத்தியால்பேட்டை துட்டு:

செய்தி அனுப்பினேன், ஒரு மணி நேரத்தில் ரத்து செய்துவிட்டார். இதே விற்பவர் நம் ஊர் ஏல நிறுவனமாக இருந்தால் சட்டம் என்ன சொல்கிறது? அந்தத் துட்டை மறுபடி கேட்கலாமா?

வைத்திக்குப்பம் வாசகன்:

இந்தியாவில் நடக்கும் ஏலத்துக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆவது பிரிவு. விற்பவர் தானோ தன் ஆள் மூலமோ கேட்கும் உரிமையை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் கேட்டால் அது சட்டவிரோதம், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடியாகக் கருதலாம். போலிக் கேட்பால் விலையை ஏற்றினால் வாங்கியவர் விரும்பினால் விற்பனையைச் செல்லாததாக்கலாம். அதனால் நிபந்தனைப் பக்கத்தில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். வாங்குபவர் கட்டணமும் வரியும் தனியாகச் சேரும், அதையும் கழித்து உச்சத்தைப் போடுங்கள். வழக்கென்று வந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, புதுச்சேரியோ கடலூரோ, மனு போடலாம். முதலில் 1915 உதவி எண்ணில் பதியுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது 1930, சைபர் குற்ற எண்.

மஞ்சக்குப்பம் நாணயப்பெட்டி:

மறுபடி கேட்கலாம், முன்கூட்டி மட்டும் வேண்டாம். உங்கள் உண்மையான உச்சத்தை, 61.37 மாதிரி முழு எண்ணாக இல்லாமல், முடிய 8 விநாடி இருக்கும்போது ஒரே தடவை போடுங்கள். துழாவிப் பார்க்க எவருக்கும் நேரம் இருக்காது. கைப்பேசி டேட்டாவைத் தயாராக வையுங்கள், மழை நாளில் கரண்டை நம்ப முடியாது. கடவுச்சொல்லைக் கேட்கும் வெளிச் சேவைகளிடம் போக வேண்டாம். கடைசி நிமிட பிட்டுக்கு நேரம் நீளும் தளங்களில் இந்த உபாயம் செல்லாது.

அந்த ஆளே தவறிப்போய் ஜெயித்துவிட்டால், ‘இரண்டாவது வாய்ப்பு’ என்று, பொருளை உங்கள் உச்ச விலைக்கு உங்களுக்கே தருவதாகச் செய்தி வரலாம். ஏற்க வேண்டாம். மின்னஞ்சலில் மட்டும் வந்து தளத்தின் உள்பெட்டியில் இல்லாவிட்டால் அது முழுப் போலி. இன்னொன்று, படத்தை இப்போதே சேமியுங்கள். கையால் அடித்த செப்புக்காசு ஒன்று போல் ஒன்று இருக்காது. உங்கள் துட்டில் ‘ரி’ விளிம்பில் பாதி வெட்டுப்பட்டிருந்தால், லில்லிப் பூ மையம் தள்ளி விழுந்திருந்தால், அந்த இரண்டும் அதன் கைரேகை. ‘விற்றுப்போன’ அதே காசு மூன்று வாரத்தில் மறுபடி பட்டியலில் வந்தால் படத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முதல் புகாரோடு அந்தப் பொருள் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.